இரண்டு ஆண்டுகளாக ஓர் உண்ணிச் சொட்டு மருந்து: நாய்க்குச் சரி, பூனைக்கு?

நாயும் பூனையும் ஒன்றாக வளர்க்கும் நண்பர் ஒருவர், நான் என் நாய்க்கு இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் உண்ணிச் சொட்டு மருந்தைத் தாமும் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருந்து வேலை செய்கிறது. அதை மறுத்தால் நன்றிகெட்டதனம். நாயின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் நாள்தோறும் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, மருந்திட்ட மூன்றாம் நாளே செத்து உலர்ந்த உண்ணிகள் சீப்பில் வந்தன. தெள்ளுப்பூச்சிகள் மட்டும் சில வாரங்கள் தென்பட்டதால் மருந்தைத் திட்டினேன்; அவற்றின் கூட்டுப்புழுக்கள் தரைவிரிப்பின் இழைகளுக்குள் வாரக்கணக்கில் பதுங்கியிருந்து வெளிவரும் என்று தெரிந்தபின் அந்தக் கோபத்தை விட்டுவிட்டு, நாயின் படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைக்கத் தொடங்கினேன்.

என் குறை வேறு. இம்மருந்தில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் உடல் தாங்கிக்கொள்ளும் இப்பொருளைப் பூனையின் கல்லீரலால் போதிய வேகத்தில் சிதைத்து வெளியேற்ற இயலாது. பூனைமீது நேரடியாக இட வேண்டும் என்றில்லை, மருந்தின் ஈரம் காயாத நாயோடு அது ஒட்டிப் படுத்தாலும், நாயை நக்கினாலும் ஆபத்துதான். இவ்வளவு பெரிய செய்தியை அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் கடுகளவு எழுத்தில் அச்சிட்டுவிட்டு, முகப்பு முழுவதையும் நாயின் படத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாயின் எடைப்பிரிவை மட்டும் பெரிய எண்களில் போட்டிருந்தார்கள். அதை நான் ஒழுங்காகவே பார்த்து வாங்கினேன்.

இம்மருந்தைத் தொடங்கிய ஏழாம் மாதம், மருந்திட்ட அன்றிரவே நாயின் முதுகில் தலைவைத்துத் தூங்கிய என் பூனை, விடியுமுன் காதுகள் துடிக்க, கால்கள் வெட்டி இழுக்க, நிற்க முடியாமல் சரிந்தது. மருத்துவர் அதைப் பாத்திரம் துலக்கும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, இரண்டு நாள் தம்மிடமே வைத்திருந்தார். பிழைத்துக்கொண்டது. மருந்துப் பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டைப் படிக்காதது என் தவறு. அதை ஒப்புக்கொண்டாலும் அந்தக் கடுகெழுத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு ஏன் இதையே தொடர்கிறேன் என்றால், என் நாய்க்குக் குட்டியாக இருந்தபோது ஒருமுறை வலிப்பு வந்தது. உண்ணிக்கு வாய்வழி கொடுக்கும் ஐசாக்சசோலின் வகை மாத்திரைகளால் சில விலங்குகளுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்திருந்ததால் மருத்துவர் அவற்றைத் தவிர்த்தார். எனவே பிடரி மயிரை விலக்கித் தோலில் மருந்தை விட்டு, நன்றாக உலர்ந்து மறுநாள் ஆகும்வரை நாயைத் தனியறையில் வைக்கிறேன். கதவுக்கு வெளியே பூனை கத்துகிறது.

இதுவரை நான் வாங்கியவற்றுள் உண்ணியை இவ்வளவு சுத்தமாக ஒழித்தது இது ஒன்றுதான். நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்றே எழுதினேன்.