'காலை நட்சத்திரம்'னு சொல்ற டிக்‌ஷனரி ஆப்: 5க்கு 2 ஸ்டார்

இங்கிலீஷ்-தமிழ் டிக்‌ஷனரி ஆப் ஒண்ணு ஆறு மாசமா யூஸ் பண்றேன், பேர் வேணாம் விடுங்க. நெட் இல்லாமலே ஓடுது, டக்குனு திறக்குது, எழுத்தும் பெருசு, அதுல குறை இல்ல.

தம்பி கேம் ஆடிட்டு 'அண்ணே, மார்னிங் ஸ்டார்னா என்னண்ணே, இதால அடிச்சா ஒரே அடில ஆள் காலி'ன்னான். ஆப்ல போட்டா 'காலை நட்சத்திரம்'னு ஒரே வரி. கடுப்பாயிடுச்சு. அவன் கையில இருந்தது கம்பு முனையில முள்ளு முள்ளா குண்டு வச்ச பழைய காலத்து ஆயுதம், அதைப் பத்தி பேச்சே இல்ல.

சரி, வானத்துல இருக்கறதையாவது ஒழுங்கா சொல்லிச்சான்னா அதுவும் தப்பு. அது நட்சத்திரமே இல்லப்பா, வெள்ளி கிரகம். சூரியனை விட்டு சுமார் 47 டிகிரிக்கு மேல விலகாது, அதனால விடியறதுக்கு முன்னாடி கிழக்க, இல்லன்னா பொழுது சாஞ்சதும் மேற்க, அவ்ளோதான், நடுராத்திரில தேடினா சிக்காது. பழைய கிரேக்கர்கள் இந்த ரெண்டும் வேற வேறன்னு நெனச்சு தனித்தனி பேரே வச்சிருந்தாங்க. நம்ம 'விடிவெள்ளி'ல கிரகத்தோட பேரே உள்ள உக்காந்திருக்கு, அதை விட்டுட்டு வார்த்தைக்கு வார்த்தை மாத்தி இல்லாத நட்சத்திரத்தை கொண்டு வந்து வச்சிருக்காங்க!

பைபிள்ல வர்றத பாத்தா இன்னும் சிக்கல். வெளிப்படுத்தல் 22:16ல இயேசு தன்னையே விடிவெள்ளின்னு சொல்றார், ஏசாயா 14:12ல பாபிலோன் ராஜாவோட வீழ்ச்சியப் பாடறப்பவும் அதே விடிவெள்ளிதான், லத்தீன்ல அதை 'லூசிஃபர்', அதாவது வெளிச்சம் கொண்டு வர்றவன்னு எழுதப்போய் பின்னாடி அது சாத்தான் பேராவே ஆயிடுச்சு. ஒரே பேரு ரெண்டு துருவத்துக்கும் போயிருக்கு, இதுக்கு ஒரு வரி போதுமா?

ஷேர் மார்க்கெட் சார்ட்லயும் 'மார்னிங் ஸ்டார்'னு ஒரு அமைப்பு வரும். அங்க கேண்டில்னா ஒரு குறிப்பிட்ட நேரத்துல விலை எப்படி போச்சுன்னு காட்டற கட்டம், சிவப்புன்னா இறக்கம், பச்சைன்னா ஏத்தம். நீள சிவப்பு கேண்டில், அடுத்து குட்டியா ஒண்ணு, அப்புறம் முதல் சிவப்போட பாதிக்கு மேல ஏறி முடியற பச்சை. விழுந்துட்டு இருந்த விலை திரும்பலாம்னு ஒரு ஜாடை, அவ்ளோதான், கேரண்டி எல்லாம் இல்ல.

ஃபீட்பேக் அனுப்பினேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு மெஷின் பதில். அடுத்த அப்டேட்ல ஐகான் கலர் மட்டும் மாறியிருக்கு. நல்லவேளை வார்த்தைக்கு கீழ நோட்ஸ் போட இடம் இருக்கு, நானே 'விடிவெள்ளி, முள்ளுக்குண்டு, மூணு கேண்டில்'னு டைப் பண்ணி வச்சுட்டேன். ரெண்டு ஸ்டார்ல ஒண்ணு அந்த நோட்ஸுக்குத்தான்.