ரெண்டு பிள்ளைங்களுக்கு நீச்சல் க்ளாஸ்: சென்னைல எங்க சேக்கலாம்?

ரெண்டு வயசுல ஒண்ணு, ஆறு வயசுல ஒண்ணுன்னு வீட்ல பிள்ளைங்க இருந்தா, நீச்சல் க்ளாஸ் தேடும்போது எல்லாரும் ஃபீஸ், தூரம், டைமிங் இந்த மூணத்தான் மொதல்ல பாப்பாங்க. நான் பாக்க சொல்றது வேற. பெரியவளுக்கு கோச் சொல்லிக்குடுக்குற நேரத்துல சின்னவன் யார் கையில இருப்பான்? இதுக்கு ஒரு ஆளோட பேரு பதிலா வரணும், "அங்க யாராச்சும் இருப்பாங்க"ன்னு வந்தா அந்த இடம் எவ்ளோ நல்லா இருந்தாலும் வேண்டாம்.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, உலக சுகாதார நிறுவனம் 2024ல போட்ட அறிக்கைப்படி 1ல இருந்து 4 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க இறக்குற காரணங்கள்ல தண்ணில மூழ்குறது நாலாவது இடத்துல இருக்கு. அதோட மூழ்குற பிள்ளை கத்தாது, கைய ஆட்டிக் கூப்பிடாது, சத்தமே இல்லாம ஒரு நிமிஷத்துக்குள்ள தண்ணிக்குள்ள போயிடும். அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 1 வயசுக்கு மேல க்ளாஸ் போறது பயன்தான்னு சொல்றாங்க, ஆனா 1 வயசுக்குள்ள சேத்தா ஆபத்து குறையும்னு ஆதாரம் இல்லன்னும் சொல்றாங்க, பெரும்பாலான பிள்ளைங்க 4 வயசுலதான் முறையா கத்துக்க ரெடியாவாங்க. அதனால நம்ம பெரியவளுக்கு வேண்டியது நீச்சல், சின்னவனுக்கு வேண்டியது தண்ணிப் பழக்கம். ரெண்டும் ஒரே க்ளாஸ்ல கிடைக்கும்னு யாராவது சொன்னா கொஞ்சம் யோசிங்க.

சென்னைல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இருக்குறது நாலு வழி: அப்பார்ட்மென்ட் பூலுக்கே வர்ற கோச், அரசு குளத்துல சம்மர் கேம்ப், சின்ன பிள்ளைங்களுக்குன்னே வெதுவெதுன்னு தண்ணி வச்சிருக்குற இன்டோர் பூல், அப்புறம் லீவுக்கு போற ஊர்ல தாத்தாவோட கிணறு.

அப்பார்ட்மென்ட் பூல்லதான் நிறைய பேர் ஆரம்பிக்கிறாங்க, லிஃப்ட்ல இறங்கினா குளம், ட்ராஃபிக் இல்ல, சின்னவன் தூங்கி எழுந்த நேரத்துக்கு கூட்டிட்டு போலாம், வாரத்துல மூணு நாலு நாள் விடலாம். பழகுறதுக்கு இத விட வசதி கிடையாது. பிரச்சனை என்னன்னா அங்க பெரும்பாலும் லைஃப்கார்டுன்னு தனியா ஒருத்தர் இருக்க மாட்டார், கோச்தான் எல்லாம், அவரும் ஆறேழு பிள்ளைங்கள பெரிய குளத்துல வச்சிட்டு இருப்பார். அந்த நேரத்துல சின்னவன் பக்கத்துல ரெண்டடி பேபி பூல்ல விளையாடுவான், அம்மா நடுவுல ஒரு சேர்ல உக்காந்து ரெண்டு பக்கமும் பாத்துட்டு இருப்பாங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்குற காட்சி இதுதான். பேபி பூல்தானேன்னு விடக்கூடாது, பக்கெட் தண்ணியே போதும் அந்த வயசுக்கு, தலை கனமா இருக்கும், குப்புற விழுந்தா நிமிர தெரியாது. கை நீட்டினா தொடுற தூரத்துல ஒரு பெரியவங்க, கையில ஃபோன் இல்லாம, சின்னவனுக்கு மட்டும்னு இருக்கணும். ரெண்டு பெரியவங்க வர முடியாத வீடுன்னா பெரியவ க்ளாஸ் நேரத்துல சின்னவன் குளத்துப் பக்கமே வரக்கூடாது, வீட்ல பாட்டிகிட்ட விட்டுட்டு வாங்க. கோச்கிட்ட பாட்டியாலால இருக்குற தேசிய விளையாட்டு நிறுவனத்தோட (என்ஐஎஸ்) கோச் சர்டிஃபிகேட் இருக்கான்னு கேக்குறது நல்லதுதான், ஆனா அது போட்டிக்கு வீரர்கள தயார் பண்ற படிப்பு, அதனால கூடவே சிபிஆர் (மூச்சு நின்னா நெஞ்ச அமுக்கி, மூச்சு ஊதி காப்பாத்துற முதலுதவி) தெரியுமா, நாலஞ்சு வயசு பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுத்திருக்காரான்னும் கேளுங்க.

தண்ணியும் பாக்கணும். குளோரின் வாடை தூக்கலா அடிச்சா தண்ணி சுத்தமா இருக்குன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, நிஜத்துல அது குளோரின் சிறுநீர், வியர்வையோட சேர்ந்து வர்ற வாடை. அசோசியேஷன்ல டெஸ்ட் ரெஜிஸ்டர் வச்சிருப்பாங்க, பிஎச் 7.2ல இருந்து 7.8க்குள்ள, குளோரின் 1 பிபிஎம்முக்கு கீழ போகாம இருக்கான்னு பாருங்க. ஸ்விம் டயப்பர் சிறுநீர நிறுத்தாது, கிருமியையும் நிறுத்தாது, அதனால வயித்தால போற பிள்ளைய அந்த வாரம் கூட்டிட்டு போகாதீங்க.

அரசு குளம்னா நம்ம பக்கம் வேளச்சேரி அக்வாட்டிக் காம்ப்ளக்ஸ், 1995ல தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக கட்டுனது, 50 மீட்டர் குளம். கார்ப்பரேஷனுக்கு மெரினாலயும் பெரியமேடு மை லேடிஸ் கார்டன்லயும் குளம் இருக்கு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் (எஸ்டிஏடி) கோடை லீவுல 12 நாள் பேட்ச் பேட்ச்சா நீச்சல் பயிற்சி நடத்துவாங்க, காசும் மத்த இடத்த விட ரொம்ப கம்மி. ஆறு ஏழு வயசு பிள்ளைக்கு நான் மொதல்ல சொல்றது இததான். நெறைய பிள்ளைங்க சேர்ந்து இருக்குறதால பயம் சீக்கிரம் போயிடும், பக்கத்துல ஒரு பொண்ணு தலைய உள்ள விட்டா நம்ம பொண்ணும் விடுவா, வீட்ல எவ்ளோ கெஞ்சியும் நடக்காதது அங்க நடக்கும். ஆனா 12 நாள்ல மிதக்கவும் காலடிக்கவும் கொஞ்ச தூரம் போகவும் வரும், அவ்ளோதான், ஜூன்ல விட்டுட்டா அடுத்த ஏப்ரல்ல மறுபடி மொதல்ல இருந்துதான். அதனால கேம்ப் முடிஞ்ச கையோட வாரம் ரெண்டு நாளாவது எங்கயாவது தண்ணில இறக்கணும். சின்னவனுக்கு இது இடமே இல்ல, போட்டிக்கு கட்டுன குளத்துல அவன் நிக்கிற அளவுக்கு ஆழம் கம்மியான இடம் கிடையாது, வெயில்ல கேலரில உக்கார வச்சா அழுதே தீத்துடுவான்.

இன்டோர் வெந்நீர் குளம்தான் காஸ்ட்லி, அதே சமயம் ரெண்டு மூணு வயசுக்கு இதுதான் சரியான இடம். சின்ன உடம்பு சீக்கிரம் சூடு இழந்துடும், தண்ணி 30 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் அரை மணி நேரம் நடுங்காம இருப்பாங்க, ஓப்பன் பூல்ல மே மாசம் அது தானா கிடைக்கும், நவம்பர் மழைல கிடைக்காது. அம்மாவோ அப்பாவோ கூடவே தண்ணில இறங்குற க்ளாஸா பாருங்க, சின்னவன் யார் கையிலன்னு கேட்டோமே, அந்த க்ளாஸ்ல அவன் நம்ம கையிலயேதான் இருப்பான். பாட்டு பாடி தண்ணி ஊத்துறது, தண்ணில வாயால குமிழி விடுறது, மல்லாக்க தோள்ல சாய்ச்சு மிதக்க வைக்கிறது, சுவத்த புடிச்சு நகர்ந்து படிக்கு வர்றதுன்னு சொல்லிக்குடுப்பாங்க. கடைசியா சொன்னத நல்லா பழக்குங்க. அழுதுட்டு இருக்குற பிள்ளைய திரும்ப திரும்ப முக்கி எடுக்குற இடமா இருந்தா உடனே வெளிய வந்துடுங்க, பயம் மட்டும் இல்ல, அளவுக்கு மீறி தண்ணி குடிச்சா ரத்தத்துல உப்பு குறைஞ்சு வலிப்பு வரைக்கும் போகலாம்.

இங்க ஒரு விஷயம், நிறைய இடத்துல ரெண்டு பிள்ளைங்கள சேத்தா ஃபீஸ்ல தள்ளுபடி உண்டு. அந்த தள்ளுபடிக்காக ரெண்டு பேரையும் ஒரே ஸ்லாட்ல போட்டுடுவோம், ஒரே ஆளா நாம நிப்போம். தள்ளுபடி வாங்குங்க, ஸ்லாட்ட மட்டும் அடுத்தடுத்து போட்டுத்தர சொல்லுங்க.

அடுத்து கிணறு. எங்க மாமனார் ஊரு கோபி பக்கம். "அம்மணி, பயந்துக்காத, தண்ணில விட்டா தானா நீச்சல் அடிச்சுக்கும்"னு அவர் சொல்லும்போது அதுல ஒரு அனுபவம் இருக்கு, அந்த ஊர்ல மூணு தலைமுறை சுரைக்குடுக்கையோ காலி கேனோ முதுகுல கட்டி இடுப்புல கயிறு போட்டு மேல ஒருத்தர் புடிச்சுக்க அப்படித்தான் கத்துக்கிட்டாங்க. குளத்துல நாலடில நின்னு பழகுன பிள்ளைக்கு ஆழம்னா நடுக்கம், கிணத்துல கத்துக்கிட்ட பிள்ளைக்கு அது இல்ல, குதிச்சா மேல வந்து படிய புடிக்கணும்ங்கிறது மொதல் நாளே தெரிஞ்சிடும். அத எந்த கோச்சிங்கும் அவ்ளோ சீக்கிரம் குடுக்காது. ஆனா ஏழெட்டு வயசாகி ஏற்கனவே மிதக்க தெரிஞ்ச பிள்ளைக்குத்தான், தாத்தாவோ மாமாவோ உள்ள இறங்கி இருக்கணும், மோட்டார் ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணி ஃபியூஸ் கட்டைய புடுங்கி வச்சிருக்கணும். கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டிருக்குன்னு அங்க இறக்குறது வேற கதை, ஓடுற தண்ணி இழுத்துட்டு போயிடும், கத்துக்குற வயசுல அங்க வேண்டவே வேண்டாம்.

எங்க போனாலும் கையில மாட்டுற காத்து ஊதுன ரப்பர் பேண்டை நம்பாதீங்க, அது பிள்ளைய நேரா நிக்க வச்சு மிதக்குற மாதிரி பழக்கிடும், கழட்டுன அன்னைக்கு தனக்கு தெரியும்னு நெனச்சு இறங்கிடுவாங்க. ட்ரெஸ் ஆரஞ்சு, ரோஸ்னு கண்ண பறிக்குற கலர்ல வாங்குங்க, நீலமும் வெள்ளையும் தண்ணிக்குள்ள தெரியாது.

எங்க வீட்ல இந்த வருஷத்துக்கு முடிவு பண்ணது: ஏப்ரல்ல பெரியவளுக்கு அப்பா கூட அரசு கேம்ப் காலை பேட்ச், அது முடிஞ்சதும் அப்பார்ட்மென்ட் பூல்ல கோச்; சின்னவனுக்கு சனி ஞாயிறு மட்டும் என்கூட இன்டோர் பூல், 4 வயசானதும் அக்கா கத்துக்குற இடத்துக்கே மாத்திடுவோம். உங்க ரெண்டு பிள்ளைங்களும் நாலும் ஆறுமா இருந்தா இவ்ளோ கஷ்டம் வேண்டாம், ஒரே இடத்துல வேற வேற பேட்ச்னு போடலாம். கிணத்து படிக்கட்டுக்கு ஒரு கம்பி கேட் போட்டு பூட்டணும்னு மாமனார்கிட்ட கேட்டிருக்கேன், மே லீவுக்குள்ள போட்டுடலாம்னு சொல்லியிருக்கார்.