பிச்சாவரம் துடுப்புப் படகு: 5க்கு மூன்றரை

சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனால் துடுப்புப் படகில் போங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும், தலையைக் குனிந்துகொண்டு நுழைய வேண்டிய சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் போகும், இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் வில்லாக வளைந்து தண்ணீரில் இறங்கியிருக்க, துடுப்புச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. படகுக்காரர் வயதானவர், நிதானமானவர். ஒரு மரத்தைக் காட்டி, "தில்லை, தம்பி. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும், தொடாதீங்க" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான். அவருக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

மீதி ஒன்றரையை வேரில் விட்டேன். நாங்கள் போனது தண்ணீர் வடிகிற நேரம். வேர்களில் ஒரே உயரத்தில், கொடியில் துணி காயப்போட்ட மாதிரி, பால் கவர், ஷாம்பு பாக்கெட், அறுந்த நைலான் வலை. வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும், சேற்றுக்குள் இருக்கும் வேர் காற்று வாங்குவதே அவற்றின் வழியாகத்தான். அதன்மேல் ஒரு உரச் சாக்கு போர்த்தியது போலக் கிடந்தது. எட்டி இழுத்தேன். வெயிலில் நைந்துபோய் நூல் நூலாகக் கையோடு வந்தது, பாதி சேற்றிலேயே நின்றுவிட்டது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அதைத்தான் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். அப்புறம் யார் பொறுக்குவது? நண்டும் இறாலும்தான் தின்னும்.

எல்லாமே சுற்றுலா வந்தவர்கள் போட்டது இல்லை. காடு இருப்பது வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே. "வெள்ளம் வந்தா ஊர்ப்பட்ட குப்பையும் இங்கதான் தம்பி ஒதுங்கும்." சரி, ஆனால் முன்னால் போன படகிலிருந்து ஒரு சிப்ஸ் கவர் பறந்ததை நானே பார்த்தேனே. துறைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சுண்டல் கேட்டால் கேரி பேக்கில் போட்டு நீட்டுகிறார்கள், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. இத்தனைக்கும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த காடு.

காலையிலேயே போய்விடுங்கள், வெயில் தாங்காது. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

படகுக்காரர் காலடியில் ஒரு பழைய வாளி வைத்திருந்தார், எட்டுகிற தூரத்தில் மிதப்பதைத் துடுப்பால் இழுத்து அதில் போட்டுக்கொண்டே வந்தார், நாங்கள் கேட்காமலே. இறங்கும்போது எண்ணிப் பார்த்தேன். ஏழு பாட்டில், ஒற்றைச் செருப்பு.