ஃப்ளூகோனசோல் கேட்காத வாய்ப்பூஞ்சை: இட்ராகோனசோல் கரைசலா, போசகோனசோலா?

எச்ஐவி, ரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு வாயில் வெள்ளைப் படலம் கடுமையாகப் பிடித்தால் முதல் மருந்து ஃப்ளூகோனசோல்: தினம் 100–200 மி.கி., 7 முதல் 14 நாள். இதில் விவாதமில்லை. அது கேட்காதபோது மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஸ்வாப் எடுத்து கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். கேண்டிடா ஆல்பிகன்ஸ் பூஞ்சையில் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவு) மி.லி.க்கு 8 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் எதிர்ப்பு உறுதி. இன்னொரு வகையான கேண்டிடா குரூசி வளர்ந்தால் எம்ஐசிக்குக் காத்திருக்கவே வேண்டாம், ஃப்ளூகோனசோல் அதனிடம் இயல்பிலேயே செல்லாது.

அடுத்த படியில் இரண்டு பெயர்கள். என் சாய்வு இட்ராகோனசோல் கரைசல் பக்கம். காரணம் மருந்தின் வீரியம் அல்ல, வயிறு.

போசகோனசோல் சஸ்பென்ஷன் (குலுக்கிக் குடிக்கும் திரவம்) 400 மி.கி. வீதம் 3 நாள் இருவேளை, பிறகு தினம் ஒருவேளை, 28 நாள் வரை. கொழுப்புள்ள முழுச் சாப்பாட்டோடு குடித்தால் வெறும் வயிற்றைவிடச் சுமார் 4 மடங்கு ரத்தத்தில் ஏறும். ஆனால் தொண்டைவரை புண்ணாகி கஞ்சிகூட இறங்காதவரிடம் முழுச் சாப்பாட்டுக்கு எங்கே போவது? போதாக்குறைக்கு அவர்களில் பலர் எசோமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையில் இருப்பார்கள். அதுவும் அளவைக் கீழே இழுக்கும்.

இட்ராகோனசோல் கரைசலை வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும். மி.லி.க்கு 10 மி.கி. 10 மி.லி.யை வாயில் ஊற்றி, பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, இரு கன்னத்திலும் நாக்கடியிலும் 20 விநாடி சுழற்றி விழுங்க வேண்டும். பிறகு வாய் கொப்பளிக்கக் கூடாது. நாளைக்கு இருமுறை, 2 முதல் 4 வாரம். மருந்து புண்ணின் மேலேயே படுகிறது என்பது கூடுதல் லாபம். தவறு நடப்பது மருந்துக்கடையில்: கரைசல் இல்லையென்று கேப்சூல் கொடுத்துவிடுவார்கள். கேப்சூலுக்கு உணவும் அமிலமும் வேண்டும், கணக்கே தலைகீழ்.

இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மட்டும் என் வாக்கு போசகோனசோலுக்கு. இட்ராகோனசோல் இதயத் தசையின் சுருங்கும் வலுவைக் குறைக்கும். போசகோனசோல் மாத்திரைக்கு உணவுச் சிக்கல் குறைவு, ஆனால் அமெரிக்காவில் வாய்ப்பூஞ்சைக்கு அனுமதி சஸ்பென்ஷனுக்குத்தான். மாத்திரையை நம்பிச் சொல்ல அனுபவம் போதாது.

இரண்டுமே கைவிடும் இடங்கள் உண்டு. மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் பூஞ்சையின் செல்லில் உண்டு. அவற்றில் எம்டிஆர்1 பம்ப் மட்டும் கூடியிருந்தால் இவை பெரும்பாலும் வேலை செய்யும். சிடிஆர்1, சிடிஆர்2 பம்புகள் கூடினால் இவற்றையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடும். அப்போது ஊசிவழி கேஸ்போஃபஞ்சின் என்ற வேறு வகைப் பூஞ்சை மருந்து. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க டேக்ரோலிமஸ் எடுப்பவருக்கு, இட்ராகோனசோல், போசகோனசோல் இரண்டிலும் டேக்ரோலிமஸ் அளவை இறக்க வேண்டும். போசகோனசோலோடு தொடங்கும்போது சுமார் மூன்றில் ஒரு பங்காக. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடினால் இரண்டுமே ரத்தத்தில் நிற்காது. வாயில் சுழற்றும் திரவமாக நிஸ்டாடின் 4–6 மி.லி., நாளைக்கு 4 முறை கொடுக்கலாம். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியை அதே நேரத்தில் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யும்.