கிளைமரமும் வாய்க்கால் வலையும்: நினைவின் இரு வரைபடங்கள்

‘ஆடிப்பெருக்கு’ என்றவுடன் தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்குப் படித்துறை, மஞ்சள் கயிறு, சித்திரான்னம் என நினைவுகள் தொடர்ந்து எழுவதை விளக்க, உளவியலில் இரு மாதிரிகள் உள்ளன.

1969-இல் ஆலன் காலின்ஸும் ராஸ் குவில்லியனும் முன்வைத்த மாதிரி, கருத்துகளைக் கானரி, பறவை, விலங்கு என மேல்நோக்கிச் செல்லும் கிளைமரமாக அடுக்குகிறது. ‘கானரி பாடும்’ என்பதைவிடக் ‘கானரிக்குத் தோல் உண்டு’ என்பதைச் சரிபார்க்க ஏன் கூடுதல் நேரம் ஆகிறது என்பதை அது நேர்த்தியாக விளக்கியது: பாடுவது கானரியின் படியிலேயே இருக்கிறது, தோலுக்கோ ‘விலங்கு’ வரை ஏற வேண்டும். ஆயினும் ஒரே படியில் உள்ள பறவைகளுள் சிலவற்றை மட்டும் நாம் விரைந்து பறவை என ஏற்பது ஏன் என்பதற்கு அதனிடம் விடையில்லை.

1975-இல் காலின்ஸும் எலிசபெத் லாஃப்டஸும் வகுத்த பரவல் மாதிரி அந்தப் படிநிலையைத் தளர்த்தி, கருத்துகளை ஒரு வலையாக இணைத்தது. கல்லணையில் திறந்த நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கடைமடை நோக்கிச் செல்லச் செல்லக் குறைவதுபோல, தூண்டப்பட்ட கருத்திலிருந்து கிளம்பும் தூண்டல் இணைப்பின் வலுவுக்கேற்பப் பரவித் தேய்கிறது. (உவமை இவ்வளவுதான் தாங்கும், நீர் பள்ளத்தை நோக்கி மட்டுமே ஓடும், எண்ணமோ மேட்டிலும் ஏறும்.)

யோசனை பிறப்பதை விளக்க இரண்டாவதே பொருத்தமானது என்பது என் கணிப்பு. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னரே, மண்ணில் எஞ்சிய ஈரத்திலேயே வளரும்படி நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளிக்கும் டெல்டா வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: மரத்தில் தானியமும் பயறும் வெவ்வேறு கிளைகள்; வலையிலோ ‘எஞ்சிய ஈரம்’ என்னும் ஒரே கணுவில் இரண்டும் சந்திக்கின்றன. தொலைவிலுள்ள கருத்துகளை இணைப்பதே படைப்பாற்றல் என்று 1962-இல் உளவியலாளர் சார்னாஃப் மெட்னிக் கூறியதும் இத்தகைய சந்திப்பையே.