புகைப்புரையில் மைக்ரோபைதான்: நாலு வருஷ அனுபவம்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் சூடு 40 டிகிரிக்குக் கீழே கிடந்தால் ஷீட் சரியாகக் காயாது, பூஞ்சை பிடிக்கும். 60ஐத் தாண்டினால் கொப்புளம் விழும், விலை போகாது. அதனால் ராத்திரி ரெண்டு தடவையாவது டார்ச்சும் கையுமாகப் போய்ப் பார்ப்பார். அந்த நடையைக் குறைக்கத்தான் 2021 கடைசியில் ஈஎஸ்பி8266 சிப் உள்ள ஒரு நோட்எம்சியு வைஃபை போர்டில் மைக்ரோபைதான் (இந்த மாதிரி சின்ன சிப்புகளில் ஓடும் பைதான் நிரல்மொழி) ஏற்றினேன்.

இந்த போர்டுகளுக்கு நிரல் எழுதும் இன்னொரு வழியான அர்டுவினோ எனக்குப் பழக்கம்தான். ஆனால் அதில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாலும் மறுபடி கம்பைல், மறுபடி அப்லோடு. இதில் கணினியில் தோனி என்ற நிரல் எழுதும் மென்பொருளைத் திறந்து யுஎஸ்பி செருகினால் போதும், மூன்று அம்புக்குறி வந்து நிற்கும். ஒரு வரி அடித்தால் சென்சார் அங்கேயே பதில் சொல்லும். புகைப்புரை வாசலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி நிரலைத் திருத்தியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

முதலில் வைத்த ஈரப்பத சென்சார் கரி படிந்து இரண்டே மாதத்தில் போனது. பிறகு எஃகு உறை போட்ட டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார். இதற்கான நூலகம் மைக்ரோபைதானோடேயே வருகிறது. அளக்கச் சொல்லிவிட்டு 750 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். நான் அவசரக்குடுக்கை, 100தான் கொடுத்திருந்தேன். சாதாரண நேரத்தில் முந்தின அளவையே அது திருப்பித் தந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை. ஒருநாள் ராத்திரி கரண்ட் போய் வந்ததும், நாகர்கோவிலில் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு டெலிகிராமில் "85 டிகிரி" என்று செய்தி. பதறிப் போய் சித்தப்பாவை எழுப்பினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "எனக்க மக்களே, அங்க தீ அவிஞ்சு கெடக்கு. ஒனக்க பெட்டிக்குத்தான் பனி." (பனி என்றால் எங்கள் பக்கம் காய்ச்சல்.) கரண்ட் வந்த கையோடு, அளந்து முடிக்கும் முன்பே கேட்டால் அந்த சென்சார் சொல்லும் எண் 85.

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அவர் டார்ச் எடுத்துப் போனது பெரும்பாலும் தீ அணைந்துவிட்டதா என்று பார்க்க. நான் மேல் எல்லைக்கு மட்டும் அலாரம் எழுதி வைத்திருந்தேன். கீழ் எல்லையையும் சேர்க்க இரண்டு வரிதான் ஆனது.

உண்மையான தலைவலி நினைவகம். ஈஎஸ்பி8266இல் நமக்கு மிஞ்சுவது 40 கேபிக்கும் குறைவு. டெலிகிராமுக்குப் பாதுகாப்பான இணைப்பு வேண்டும். அதற்கே பெரும்பகுதி போய்விடும். சில நாள் ஓடும், பிறகு "மெமரி எரர்" என்று படுத்துவிடும். வேண்டாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை நீக்கியை அடிக்கடி ஓட்டினேன், நிரலைக் கணினியிலேயே கம்பைல் செய்து எம்பிஒய் கோப்பாக மாற்றி ஏற்றினேன், ஓரளவு தாக்குப்பிடித்தது. கடைசியில் நினைவகம் அதிகமுள்ள ஈஎஸ்பி32 சிப் போர்டுக்கு மாறினேன். முதலிலேயே அதை வாங்கியிருக்க வேண்டும். நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன்.

கடிகாரமும் ஒரு கூத்து. இந்த போர்டுகளில் மைக்ரோபைதான் நொடிகளை 2000 ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது, என் கணினியோ 1970இலிருந்து. 2022 செப்டம்பர் கணக்கெல்லாம் 1992 செப்டம்பர் என்று பதிவாகி இருந்தது. 946684800 கூட்டினால் சரியாகும். நேர மண்டலமும் அதற்குத் தெரியாது, ஐந்தரை மணி நேரத்தை நாமே கூட்ட வேண்டும்.

வைஃபை அறுந்தால் நிரல் அப்படியே காத்து நிற்கும். இணையத் தொடர்புக்கான சாக்கெட்டுக்குக் கால வரம்பும், கூடவே நிரல் உறைந்தால் போர்டைத் தானே மறுபடி தொடங்கும் வாட்ச்டாக்கும் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வேகமாக நடப்பதை எண்ணும் வேலைக்கு இதைச் சொல்ல மாட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சூடு பார்க்க இது தாராளம்.

துலா (ஐப்பசி) மாத இடிக்கு இதுவரை ரெண்டு போர்டு பலி. நிரலின் நகல் கணினியில் இருக்கிறது. புது போர்டில் மைக்ரோபைதான் ஃபர்ம்வேர் ஏற்றி, கோப்புகளைப் போட்டு, பழைய ஆணியிலேயே மாட்ட அரை மணி நேரம்கூட ஆவதில்லை. இப்போதெல்லாம் வானம் கறுத்தால் சித்தப்பாவே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்.