விளக்கைப் போடாத பத்து நிமிடங்கள்: அஸ்தம்பட்டியில் ஒரு மாதாந்திரத் திரையிடல்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டின் முதல் மாடியில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குப் பழைய படம் ஒன்றைத் திரையிட்டு, அதன் முடிவைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேச வைக்கிறார்கள். நபருக்கு 100 ரூபாய் கட்டணம். தேநீரும் ஒரு தட்டுவடை செட்டும் அதில் அடக்கம். நாற்பது நாற்காலிகள், சுவரளவு வெள்ளைத் திரை, நல்ல புரொஜெக்டர். நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இங்கே அவரை ஆசிரியை என்றே குறிப்பிடுகிறேன். ஏழு மாதங்களாக ஒரு முறையும் தவறாமல் சென்றுவருகிறேன். பணம் கொடுத்துப் போகத் தகுந்த இடம்தானா என்று நண்பர்கள் தொடர்ந்து கேட்பதால் இதை எழுதுகிறேன்.

தகுந்த இடம்தான். அதற்கு முதற்காரணம், படம் முடிந்தவுடன் அங்கே விளக்கைப் போடுவதில்லை. பத்து நிமிடம் இருட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது, கைப்பேசியை எடுக்கக் கூடாது. வீட்டில் இணையத்தில் படம் பார்க்கும்போது, கடைசிச் சட்டகம் மனத்தில் படிவதற்குள் அது திரையின் மூலைக்குச் சுருங்கிவிடுகிறது. அடுத்த படம் தொடங்க இன்னும் எத்தனை விநாடி என்று எண்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. தியேட்டரிலும் நம் பழக்கம் வேறல்ல: சண்டை முடிந்து போலீஸ் வந்ததுமே செருப்பைத் தேடுகிற கூட்டம் நாம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்றும் நிற்கிற ஊர் இது. டி.ஆர். சுந்தரத்தின் அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அங்கிருந்துதான் வந்தது. அந்தக் காலத்துப் படங்களை ‘சுபம்’ என்றோ ‘வணக்கம்’ என்றோ திரையே முடித்துவைத்து நம்மை அனுப்பியது. அப்படி அனுப்பிவைக்காத படங்களை எப்படிப் பார்ப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பத்து நிமிட இருட்டு அதைத்தான் கற்றுத்தருகிறது.

நான் சென்றவற்றில் மிகச் சிறந்த மாலை, வங்காள இயக்குநர் சத்யஜித் ராயின் ‘சாருலதா’ திரையிடப்பட்ட மாலை. தாகூரின் குறுநாவலிலிருந்து 1964இல் எடுக்கப்பட்ட படம். கணவனின் உறவினனான அமல் மீது சாருவின் மனம் சாய்கிறது. அவன் ஊரைவிட்டுப் போகிறான். அவனிடமிருந்து வந்த கடிதத்தைக் கண்டு அவள் உடைந்து அழுவதைக் கணவன் பூபதி பார்த்துவிடுகிறான். வண்டியில் ஏறி இலக்கில்லாமல் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறவனை, கதவைத் திறந்து உள்ளே வரும்படி அழைத்து, அவள்தான் முதலில் கை நீட்டுகிறாள். அவனும் தயங்கிக் கை நீட்டுகிறான். இரண்டு கைகளும் தொடுவதற்கு முன் படம் உறைந்துவிடுகிறது. அதன் பிறகு அசையாத படங்கள் மட்டும் வரிசையாக வருகின்றன: அவள் முகம், அவன் முகம், விளக்கோடு நிற்கும் வேலைக்காரர்.

விளக்கைப் போட்டதும், சீலநாயக்கன்பட்டியிலிருந்து வரும் அம்மா ஒருவர் முதலில் பேசினார். “வெளக்கு வெச்ச நேரத்துல வாசப்படி ஏறி வந்தவரை எந்த வீட்டுலயும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. அவங்க சேர்ந்துருவாங்க,” என்றார். படம் பிறந்த ஊரில் இப்படி ஒரு விளக்கம் சொல்லப்பட்டதா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. சேலத்து வீடொன்றில் வாழ்ந்தவர் அந்த விளக்கை அப்படித்தான் பார்க்க முடியும், அந்தப் பார்வைக்குப் படத்தில் இடமும் இருக்கிறது. ஆசிரியை அவரை மறுக்கவில்லை. கடைசி இரண்டு நிமிடங்களை மறுபடி ஓட்டி, “விளக்கு இப்போது யார் கையில் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். வேலைக்காரர் கையில்தான் இருக்கிறது. வீட்டுக்குரிய இருவரில் யாரும் அதை வாங்கவில்லை. பின்னர் திரையில் விழும் வங்காள எழுத்துகளைச் சுட்டிக்காட்டி, அவற்றின் பொருளைக் கரும்பலகையில் எழுதினார்: சிதைந்த கூடு. மூலக் குறுநாவலின் தலைப்பு அது. அந்த அம்மா வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கூடு சிதைஞ்சாலும் குருவி அங்கதானே வந்து உட்காருது,” என்றார். இருபத்தைந்து வயதில் இந்தப் படத்தைப் பார்த்தபோது, கைகள் சேர்ந்துவிட்டதாகவே என் நினைவில் பதிந்திருந்தது. இல்லாத ஒரு காட்சியை இத்தனை ஆண்டுகள் நான் பார்த்ததாக நம்பியிருக்கிறேன் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

யார் என்ன சொன்னாலும் சரி என்று விட்டுவிடுகிற இடம் இதுவல்ல. அமல் திரும்பி வருவான் என்று ஓர் இளைஞர் உறுதியாகச் சொன்னபோது, அதற்கான அடையாளம் படத்தில் எங்கே என்று கேட்டு, அவர் விரும்பிய காட்சியை ஓட்டிக் காண்பித்தார்கள். அடையாளம் எதுவும் அகப்படவில்லை. அந்த இளைஞரும் அதை ஒப்புக்கொண்டார். திறந்த முடிவுக்கும் வேலி உண்டு என்பதை இவ்வளவு பொறுமையாக, யார் மனமும் புண்படாமல் காட்டுவது எளிதல்ல.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ திரையிட்ட மாதம் நாற்காலி போதாமல் சிலர் படியில் உட்கார்ந்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் சுதா என்ற பெண் கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்குகிறாள், ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார், கட்டி முடியாத வீட்டைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத் திரும்பும் தாத்தா இறந்துபோகிறார், கடைசியில் அந்த நிலம் ஏற்கெனவே குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று தெரியவருகிறது. தீர்ப்புக்காகக் காத்திருப்பதோடு படம் நின்றுவிடுகிறது. பாடல்களே இல்லாத இந்தப் படத்துக்காக அர்ச்சனா தேசிய விருது பெற்றார்.

அன்று சினிமா ரசிகர்களைவிடக் கட்டடம் கட்டியவர்களே அதிகம் பேசினார்கள். பஞ்சாயத்து அனுமதி கொடுத்திருப்பதால் தவறு அவள் பக்கம் இல்லை, நஷ்ட ஈடாவது கிடைக்கும் என்றார் பத்திரப் பதிவு வேலையில் பழகிய ஒருவர். இடிக்காமல் விடமாட்டார்கள் என்றார் ஒரு மேஸ்திரி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், பாகப்பிரிவினை வழக்கொன்றில் பதினோரு ஆண்டுகளாக நீதிமன்றத்துக்கு நடப்பவர், எழுந்து நின்று பேசினார்: “ஜெயிச்சுட்டாங்கன்னு காட்டியிருந்தா வீட்டுக்குப் போய் மறந்திருப்பேனுங்க. வாய்தாவுலயே நிறுத்திட்டாருங்க. எனக்கு அதுதான் முழுப் படம்.” முடிவை மறுபடி ஓட்டியபோது, தீர்ப்பு எப்படி வரும் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவரவர் சொன்ன தீர்ப்பு அவரவர் வீட்டுப் பீரோவில் இருக்கும் பத்திரத்திலிருந்து வந்திருந்தது. ‘சாருலதா’வில் இயக்குநர் ஒரு கணத்தை நிறுத்திக் கேள்வியாக்கினார்; ‘வீடு’ படத்தில் கேள்வி வாழ்க்கையிலேயே முடியாமல் கிடக்கிறது. இரண்டையும் ‘திறந்த முடிவு’ என்ற ஒரே பெயரால் அழைப்பது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது.

படத் தேர்விலும் யோசனை தெரிகிறது. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) ஒரு மாதம், அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ (1950) அடுத்த மாதம். இரண்டிலும் ஒரு கொலையைச் சுற்றிப் பலர் பல விதமாகச் சொல்கிறார்கள். தமிழ்ப் படம் கொலையாளி யார் என்று சொல்லிவிட்டு முடிகிறது. ஜப்பானியப் படம் அதைச் சொல்லாமல், கைவிடப்பட்ட குழந்தையை விறகுவெட்டி ஏந்திச் செல்வதோடு முடிகிறது. அடுத்தடுத்துப் பார்த்ததால்தான் வித்தியாசம் உறைத்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வங்காள, ஜப்பானியப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் மட்டுமே உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வேகமாக ஓடுகிறது. ஒரு பக்கத்தில் தமிழில் கதைச்சுருக்கம் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். முடிவை மட்டும் அதில் எழுதாமல் விட வேண்டும். மின்விசிறியின் இரைச்சல் பெருந்தொல்லை: ‘சாருலதா’வின் தொடக்கத்தில், ஜன்னல் ஜன்னலாக நடந்து தூரநோக்கியில் தெருவைப் பார்க்கும் அந்த அரிய அமைதி எங்கள் காதில் விழவே இல்லை. ‘அவள் அப்படித்தான்’ (1978) திரையிட்ட அன்று, ஒருவர் எங்கோ வந்த விமர்சனத்தை முழுவதும் படித்துக் காட்டிவிட்டார்; அதற்குப் பிறகு பெண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடுத்தெருவில் நாயகி மஞ்சுவை விட்டுவிட்டுக் கார் நகர்ந்துபோகும் அந்த முடிவைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன். வாசிப்பதைத் தடுத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பித் தோட்டத்துக் குடும்பம் ஒவ்வொரு மாதமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருகிறது. மலைக்குத் திரும்பும் பேருந்துக்காகப் படம் முடிந்த உடனே, பேச்சு தொடங்கும் முன்பே எழுந்து போய்விடுகிறது. இதைச் சொன்னபோது, அடுத்த மாதம் நான்கரை மணிக்கே தொடங்குவதாக ஆசிரியை ஒப்புக்கொண்டார். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் முதல் முழுநீளப் படமான ‘த 400 ப்ளோஸ்’ (1959) திரையிடப் போகிறார்கள். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி ஓடிவரும் சிறுவன் கடலைத் தொட்டபின் திரும்பி நம்மைப் பார்க்கிற இடத்தில் அது உறைந்து நிற்கும். அந்தக் குடும்பத்துப் பையனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்பதற்காக முன்பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.